பழைய நோக்கியா 5800-இல் இருக்கும் படங்களை எடுக்க முடியுமா?

கேள்வி: காரைக்குடிப் பக்கம் பூட்டிக் கிடந்த எங்கள் வீட்டை முன்னோர் படைப்புக்குத் திறந்தபோது, அப்பத்தா பெட்டகத்தில் நோக்கியா 5800 எக்ஸ்பிரஸ் மியூசிக் போன் இருந்தது. சார்ஜ் ஏறவில்லை. ஐயாவின் படங்களும் உறவுக்காரர்களின் எண்களும் அதில் இருக்கின்றன. எடுக்க வழி உண்டா?

பதில்: பெரும்பாலும் எடுத்துவிடலாம். முதலில் எந்த வயரில் சார்ஜ் போட்டீர்கள் என்று பாருங்கள். இந்த போனில் உள்ள மைக்ரோ யுஎஸ்பி வழியாகச் சார்ஜ் ஏறவே ஏறாது. அது கணினியோடு இணைக்க மட்டும். சார்ஜுக்கு 2 மி.மீ. பின் உள்ள நோக்கியா சார்ஜர் வேண்டும். இது தெரியாமல் போன் செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டவர்கள் நிறையப் பேர்.

போனை உயிர்ப்பிக்கும் முன்பே மெமரி கார்டைக் கழற்றுங்கள். இடப்பக்கம் சின்ன மூடிக்குள் இருக்கும். நகத்தால் அழுத்தினால் வெளியே வரும். போனின் சொந்த நினைவகம் 81 எம்பிதான், பெட்டியோடு 8 ஜிபி கார்டு வந்தது. அதனால் படங்கள் கார்டில் இருக்கவே வாய்ப்பு அதிகம். கார்டு ரீடரில் போட்டு முழுவதையும் கணினியில் நகல் எடுங்கள். கணினி ‘ஃபார்மேட் செய்யவா’ என்று கேட்டால் வேண்டவே வேண்டாம். கார்டுக்குப் பாஸ்வேர்டு போட்டிருந்தாலும் கணினியில் திறக்காது. அதே போனில் போட்டுத் திறந்து பாருங்கள்.

அடுத்து பேட்டரி. பிஎல்-5ஜே, 1320 எம்ஏஎச். உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள், அழுத்தவோ குத்தவோ கூடாது. உப்பாவிட்டாலும், பல வருடம் கிடந்ததில் மின்னழுத்தம் 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் புதியது வாங்குவதே நல்லது. வயரைப் பேட்டரியின் முனைகளில் நேரடியாக வைத்துச் சார்ஜ் ஏற்றித் தருகிறேன் என்று கடையில் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆழமாக இறங்கிய லித்தியம் பேட்டரியில் அது ஆபத்து. லூமியா 520, நோக்கியா 5233, சி3-00 எல்லாவற்றுக்கும் இதே பேட்டரிதான். ஆகவே காரைக்குடி செக்காலை ரோட்டுக் கடைகளில் மாடல் பெயரை விட்டுவிட்டு ‘பிஎல்-5ஜே’ என்று கேளுங்கள்.

சிம் போடுவதாக இருந்தால் பழைய பெரிய அளவு சிம்மையே போடுங்கள். நானோ சிம்மை அடாப்டரில் வைத்துச் செருகினால் உள்ளே கழன்று பின்களில் மாட்டிக்கொள்ளும். சிம்மை வெளியே எடுக்க, பேட்டரியைக் கழற்றி, அங்குள்ள இடைவெளியில் ஸ்டைலஸால் (திரையைத் தொடும் குச்சி) தள்ள வேண்டும்.

போன் திறந்ததும் லாக் கோடு கேட்டால், யாரும் மாற்றியிருக்காவிட்டால் 12345. அது ஏற்காவிட்டால் அவசரப்பட்டு ரீசெட் செய்யாதீர்கள். *#7370# போட்டாலும், பச்சை, சிவப்பு, கேமரா பட்டன்களோடு பவரை அழுத்தினாலும் போன் நினைவகத்திலுள்ள எண்களும் குறுஞ்செய்திகளும் போய்விடும்.

திரை விரலுக்குச் சரியாக வேலை செய்யாததுபோல் தோன்றலாம். இது அழுத்தத்தில் வேலை செய்யும் ரெசிஸ்டிவ் வகை. நகத்தாலோ ஸ்டைலஸாலோ அழுத்துங்கள். தொட்ட இடம் ஒன்று, திறப்பது ஒன்றாக இருந்தால் செட்டிங்ஸில் போன், டச் இன்புட் வழியே போய்க் காலிபிரேஷன் செய்யுங்கள். ஓரம் மட்டும் வேலை செய்யாவிட்டால் சட்டத்துக்கும் திரைக்கும் நடுவே அடைந்த தூசியைக் காய்ந்த பிரஷால் தட்டி எடுங்கள்.

எண்களை எடுக்க, கார்டைத் திரும்பப் போட்டு, கான்டாக்ட்ஸில் ஆப்ஷன்ஸ் வழியே எல்லாவற்றையும் மார்க் செய்து, காப்பி செய்யும் இடத்தில் மெமரி கார்டைத் தேர்ந்தெடுங்கள். கார்டில் அதர்ஸ் ஃபோல்டருக்குள் கான்டாக்ட்ஸ் என்று உருவாகும். ஆளுக்கு ஒரு விசிஎஃப் கோப்பு (பெயரும் எண்ணும் அடங்கிய கோப்பு). ஆண்ட்ராய்டு போன் இவற்றை அப்படியே வாங்கிக்கொள்ளும். போன் நினைவகத்தில் படங்கள் மிச்சமிருந்தால் அவற்றையும் ஃபைல் மேனேஜரில் கார்டுக்கு மாற்றுங்கள். யுஎஸ்பியில் மாஸ் ஸ்டோரேஜ் கொடுத்தால் கணினிக்குக் கார்டு மட்டுமே தெரியும். போன் நினைவகம் தெரியாது என்பதால் இதைத் தவறவிடாதீர்கள்.

வாட்ஸ்அப், பிரவுசர் வழியாக எதையும் அனுப்பப் பார்க்க வேண்டாம். இந்த போனின் இயங்குதளமான சிம்பியனுக்கு வாட்ஸ்அப் 2017-இல் நின்றுபோனது. இன்றைய இணையத்தளங்களின் பாதுகாப்பு முறையும் இந்தப் பிரவுசருக்குப் புரியாது. ஜியோ சிம் இதில் சிக்னல் பிடிக்காது. மேலே சொன்ன எதற்கும் சிக்னல் தேவையும் இல்லை.