ஃபின்லாந்தா, இந்தோனேசியாவா: வடிகால் வெட்டிய பீட் மண்ணில் நைட்ரஸ் ஆக்சைடு எங்கே அதிகம்?

பீட் என்பது பாதி மக்கிய தாவரங்கள் ஈரத்தில் அடுக்கடுக்காய்ச் சேர்ந்த கரிம மண்; அதை வடித்தால் நைட்ரஸ் ஆக்சைடு என்ற பசுமைக்குடில் வாயு வெளியேறும். எந்த ஆண்டின் ஐபிசிசி (ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழு) கையேட்டை வைத்துக் கணக்குப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து விடையே தலைகீழாகும். முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

2006 வழிகாட்டியில் பயிரிடும் கரிம மண்ணுக்கு இரண்டே உமிழ்வுக் காரணிகள் (ஒரு ஹெக்டேர் எவ்வளவு வெளியிடும் என்று கணக்கில் எடுக்கும் எண்கள்): குளிர், மிதவெப்ப நாடுகளுக்கு ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 8 கிலோ, வெப்பமண்டலத்துக்கு 16 கிலோ. 2013-இன் ஈரநில இணைப்பு இதைப் பிரித்துவிட்டது. ஃபின்லாந்தின் பயிர்நிலத்துக்கு 13, புல்வெளிக்கு 9.5. வெப்பமண்டலத்தில் எண்ணெய்ப்பனைக்கு 1.2, நெல்லுக்கு 0.4, மற்ற பயிர்களுக்கு 5. பழைய கணக்கில் இந்தோனேசியா இரு மடங்கு. புதிய கணக்கில் ஃபின்லாந்து வயல் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தைப் போல் 10 மடங்குக்கும் மேல். ஒரு நாட்டுக்கு ஒரு கையேடும் மற்றதற்கு வேறொன்றும் எடுத்தால் ஒப்பீடே செல்லாது.

அடுத்து அலகு. மேலே உள்ளவை எல்லாம் வாயுவில் உள்ள நைட்ரஜனின் எடை மட்டும். வாயுவின் எடை வேண்டுமானால் 44/28-ஆல் பெருக்க வேண்டும்: 13 கிலோ என்பது 20.4 கிலோ நைட்ரஸ் ஆக்சைடு. அதை 265-ஆல் (கார்பன் டை ஆக்சைடைவிட இந்த வாயு எத்தனை மடங்கு வெப்பமூட்டும் என்ற எண்) பெருக்கினால் ஹெக்டேருக்கு சுமார் 5.4 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். பழைய அறிக்கைகளில் 298, அதற்கும் முன்பு 310 என்று பெருக்கியிருப்பார்கள். அதனால் டன் கணக்கை அப்படியே எடுக்காமல், வாயு எடைக்குத் திரும்பிப் போய் ஒப்பிடுங்கள்.

வேறுபாடு வெறும் காகிதத்தில் மட்டும் இல்லை. நீர்மட்டம் இறங்கினால் காற்று புகுந்து பீட் மக்கும், நைட்ரஜன் விடுபடும். எவ்வளவு விடுபடும் என்பதை மண்ணின் கார்பன்–நைட்ரஜன் விகிதம் பெரிதும் தீர்மானிக்கிறது. வடக்கத்திய காட்டு பீட்டில் அது 25-ஐத் தாண்டினால் உமிழ்வு மிகக் குறைவு. சத்துக் குறைந்த காட்டுக்கு 0.22, சத்துள்ளதற்கு 3.2 என்று காரணிகள் விலகி நிற்பது இதனால்தான். ஃபின்லாந்தில் இன்னொன்றும் உண்டு: மண் உறைந்து உருகும் வாரங்களில் வாயு திடீரென்று பீறிடும். கோடையில் மட்டும் மண்மேல் வாயு பிடிக்கும் பெட்டி வைத்து அளந்தவர்களின் ஆண்டுக் கணக்கை நம்பாதீர்கள்.

பலரும் தவறுவது, நாடுகள் தரும் பசுமைக்குடில் வாயுக் கணக்கு அறிக்கையின் எந்த அட்டவணையைப் பார்ப்பது என்பதில். பயிர்நிலம், புல்வெளி இரண்டும் வேளாண் பிரிவில் வரும். வடிகால் வெட்டிய காடு நிலப்பயன்பாட்டுப் பிரிவில் வரும். ஃபின்லாந்தில் பயிரிடும் பீட் சுமார் 2.5 லட்சம் ஹெக்டேர், வடிகால் வெட்டிய காட்டு பீட்டோ 45 லட்சத்துக்கும் மேல். வேளாண் பக்கத்தோடு நிறுத்தினால் இந்தப் பரப்பு முழுவதும் விடுபட்டுப்போகும்.

பரப்பின் வரையறையும் ஒன்றல்ல. ஐபிசிசி கரிம மண்ணுக்குக் கரிம அடுக்கு 10 செ.மீ. தடிமன் இருந்தாலே போதும் என்கிறது. இந்தோனேசியச் சட்டத்தில் 50 செ.மீ. இருந்தால்தான் பீட்.

எண்ணெய்ப்பனையின் 1.2-ஐப் பார்த்துத் தோட்டம் பாதுகாப்பானது என்று எண்ண வேண்டாம். அது மிகச் சில இடங்களின் அளவீட்டில் நிற்கும் எண். போதாததற்கு, உரத்தின் கணக்கு தனி வரியில் வருகிறது: ஹெக்டேருக்கு 150 கிலோ நைட்ரஜன் இட்டால், 1% காரணிப்படி 1.5 கிலோ. மண் தருவதைவிட அதுவே அதிகம்.