காலடியில் எரிமலைப் பாறை: நிலநடுக்கக் கேள்விகளும் பதில்களும்

முப்பது வருடமாக மும்பையில் அஸ்திவாரத்துக்கு மண்ணும் பாறையும் துளைத்துப் பார்க்கும் வேலை என்னுடையது. நம் தமிழ் நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

செம்பூரிலிருந்து: மும்பை எரிமலைப் பாறை மேல் இருக்கிறதாமே சார், அப்படியானால் எரிமலை நிலநடுக்கம் இங்கேயும் வருமா?

பாறை எரிமலையில் பிறந்ததுதான். அந்தேரியில் கில்பர்ட் மலையைப் பாருங்கள், தூண் தூணாக நிற்கிறதே, அது சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறிய எரிமலைக் குழம்பு. இன்று கீழே பொங்கக் காத்திருக்கும் குழம்பு எதுவும் இல்லை.

அதற்காக நிலநடுக்கமே வராது என்று இருந்துவிடாதீர்கள். இதே தக்காணப் பாறைப் பரப்பில்தான் 1967 டிசம்பர் 11 அன்று மகாராஷ்டிரத்தின் கொய்னாவில் 6.3 அளவில் அதிர்ந்தது. அணையில் தேங்கிய நீர் பழைய பிளவுகளைத் தூண்டியது காரணம். 1993 செப்டம்பர் 30, லாத்தூர் பக்கம் கில்லாரி: கணபதி விசர்ஜனம் முடிந்து அசந்து தூங்கிய ஊர், விடியுமுன் தரைமட்டம். பிறகு நான் அங்கே போனபோது பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. இரண்டு முழ அகலச் சுவர்கள். உருண்டைக் கருங்கல்லை வெறும் சேற்றில் அடுக்கியிருந்தார்கள். அந்தக் கற்கள்தான் ஆளை அமுக்கின.

சயானிலிருந்து: மகள் இத்தாலியில் கட்டானியாவுக்குப் படிக்கப் போகிறாள். எட்னா எரிமலை பக்கத்திலேயே. பயப்பட வேண்டுமா?

எரிமலை நடுக்கங்கள் பெரும்பாலும் சிறியவை. ஆனால் தரைக்கு மிகக் கிட்டே, குறைந்த ஆழத்தில் நிகழ்பவை. 2018 டிசம்பர் 26 அன்று எட்னாவின் சரிவில் வந்தது 4.9தான், ஃப்ளேரி என்ற ஊரில் வீடுகள் பிளந்தன. கொஞ்சம் தள்ளியிருந்த கட்டானியா பெரிய சேதமில்லாமல் தப்பியது. கிட்டே கடுமை, தூரம் போகப்போக வேகமாகத் தணிந்துவிடும். அதனால் அளவு எவ்வளவு என்பதோடு ஆழம் எவ்வளவு என்றும் கேளுங்கள்.

கட்டானியாவை 1693ல் அழித்தது எட்னா இல்லை, நிலத்தட்டுகளின் அழுத்தத்தால் வந்த பெரிய நிலநடுக்கம். மகள் வீடு பார்க்கும்போது எரிமலை தெரியும் ஜன்னலை விட, கட்டடம் எப்போது, எந்த விதிப்படி கட்டியது என்பதை விசாரிக்கட்டும்.

டோம்பிவிலியிலிருந்து: ஆபத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

எங்கெல்லாம் நடுக்கம் பிறக்கலாம், எத்தனை காலத்துக்கு ஒருமுறை, அதிர்வு தூரத்தோடு எப்படித் தணியும், உங்கள் அடிமண் அதை எவ்வளவு பெருக்கும் என்று நான்கையும் சேர்ப்பார்கள். 50 ஆண்டில் 10 சதவீத வாய்ப்புள்ள அதிர்வு என்பது வழக்கமான அளவுகோல். அது சராசரியாக 475 ஆண்டுக்கு ஒருமுறை என்று ஆகும்.

எரிமலைப் பகுதியில் இந்தச் சராசரி சரிவராது. வருடக்கணக்கில் அமைதி, அப்புறம் சில நாளில் ஆயிரக்கணக்கான அதிர்வுகள். 2023 நவம்பரில் ஐஸ்லாந்தின் கிரிண்டாவிக்கில், நடுக்கங்கள் நகர்ந்த தடத்தை வைத்தே குழம்பு ஊருக்கு அடியில் புகுவதைக் கண்டுகொண்டு மக்களை வெளியேற்றினார்கள். அங்கே கணக்கை அவ்வப்போது திருத்த வேண்டும், தூரத்தோடு அதிர்வு தணிவதைச் சொல்லும் சூத்திரமும் தனியாக வேண்டும்.

வசாயிலிருந்து: வஜ்ரேஷ்வரி வெந்நீர் ஊற்று எரிமலை அறிகுறியா?

இல்லை. ஆழத்துக்குப் போன நீர் பூமியின் சூட்டில் சூடாகிப் பிளவு வழியாக ஏறி வருகிறது.

தாராவியிலிருந்து: அண்ணாச்சி, புதுக் கட்டடம் தரப்போகிறார்கள். நாங்கள் என்ன பார்க்கணும்?

தம்பி, முதலில் மண் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். கடலையும் சதுப்பையும் தூர்த்த நிலம் இங்கே நிறைய. பாறை மேல் நிற்கும் வீட்டை விட இளகிய மண் மேல் நிற்பது அதிகம் ஆடும். கீழே பார்க்கிங்குக்காகச் சுவரில்லாமல் வெறும் தூண்களில் நிறுத்தினால், அந்தத் தூண்களைத் தனியாகப் பலப்படுத்தினார்களா என்று விசாரியுங்கள். 2001 பூஜ் நிலநடுக்கத்தில் 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் இந்த வகைக் கட்டடங்கள் பல விழுந்தன.

கம்பி கட்டும் நாளில் ஒரு நடை போய்ப் பாருங்கள். தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் கம்பி ரிங்கின் நுனி 135 டிகிரி மடங்கித் தூணுக்கு உள்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். நேர் மூலையாக 90 டிகிரியில் விட்டிருந்தால் ஆட்டத்தில் ரிங் விரிந்துவிடும். கான்கிரீட் போட்டுவிட்டால் யாராலும் பார்க்க முடியாது, அதற்கு முன்பே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.