இரவு வானத்துக்கும் அரங்குக்கும் ஒரே லென்ஸ்: எஃப்/1.4 என்ற எண்ணை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: என்னிடம் 24 மெகாபிக்சல் சோனி ஃபுல் ஃப்ரேம் கேமரா இருக்கிறது. பால்வீதியைப் படமெடுப்பதில் ஆர்வம் அதிகம். அரங்குக்குள் நடக்கும் நாடகம், இசை நிகழ்ச்சிகளையும் எடுத்துக் கொடுக்கிறேன். இரண்டுக்கும் சேர்த்து வேகமான (அதிக ஒளியை உள்ளே விடும்) வைட் ஆங்கிள் பிரைம் (ஜூம் இல்லாத) லென்ஸ் ஒன்றே ஒன்று வாங்கப் போகிறேன். சோனி 24 மி.மீ. எஃப்/1.4 ஜி மாஸ்டர், சிக்மா 24 மி.மீ. எஃப்/1.4 டிஜி டிஎன் ஆர்ட், சிக்மா 20 மி.மீ. எஃப்/1.4 டிஜி டிஎன் ஆர்ட், சோனி 20 மி.மீ. எஃப்/1.8 ஜி ஆகிய நான்கில் எதை எடுப்பது? எஃப்/1.4 எப்படியும் எஃப்/1.8-ஐ விட மேல்தானே?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்கலாம். எஃப் எண் சிறிதாக ஆக லென்ஸ் அதிக ஒளியை உள்ளே விடும். ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பாவது அல்லது பாதியாவது. எஃப்/1.4-க்கும் எஃப்/1.8-க்கும் இடையே இருப்பது முக்கால் ஸ்டாப்புக்குச் சற்றே குறைவான வித்தியாசம். ஒளிக்கணக்கில் சுமார் 1.65 மடங்கு. எஃப்/1.4-ல் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன் அளவு) 3200 வைக்கும் இடத்தில், எஃப்/1.8-ல் ஐஎஸ்ஓ 5000-ஐ ஒட்டி வைக்க வேண்டியிருக்கும். இன்றைய சென்சார்களில் இந்த இடைவெளி தெரியும், ஆனால் படத்தைக் கெடுக்கும் அளவு இல்லை. அந்த முக்கால் ஸ்டாப்புக்காகத்தான் கூடுதல் கண்ணாடி, கூடுதல் எடை, கூடுதல் விலை எல்லாம். ஆகவே கேட்க வேண்டியது இதுதான்: எஃப்/1.4-ஐக் காசு கொடுத்து வாங்கிய பிறகு, அதை எஃப்/1.4-லேயே வைத்துப் படமெடுப்பீர்களா?

நட்சத்திரங்களை எடுப்பவர்களில் பலர் அப்படி எடுப்பதில்லை. காரணம் படத்தின் மூலைகள். நடுவில் புள்ளியாக விழும் நட்சத்திரம் மூலைக்குப் போகப் போகச் சிறகு விரித்த பறவைபோல ஆகிவிடும். இதை மொத்தமாகக் ‘கோமா’ என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் அங்கே பெரும்பாலும் இரண்டு குறைகள் கலந்திருக்கும்: ஒன்று கோமா (புள்ளிக்கு ஒருபக்கம் வால் முளைப்பது), இன்னொன்று அஸ்டிக்மாடிசம் (புள்ளி கோடாக இழுபடுவது). இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில் நடைமுறைப் பயன் இருக்கிறது. அப்பர்ச்சரை, அதாவது ஒளி நுழையும் துளையை, எஃப்/1.4-லிருந்து எஃப்/2-க்குச் சுருக்கினால், கோமாவால் வரும் சிதறல் ஏறக்குறையப் பாதியாகும். அஸ்டிக்மாடிசத்தால் வரும் சிதறலோ சுமார் 30 சதவீதம்தான் குறையும். மேலும், நடுவிலிருந்து விலக விலக அஸ்டிக்மாடிசம் கோமாவைவிட வேகமாக வளரும். எனவே ஒரு ஸ்டாப் சுருக்கியதுமே மூலை நட்சத்திரங்கள் ஒழுங்குக்கு வந்துவிட்டால் அங்கே கோமாதான் முக்கியக் குறை. அந்த லென்ஸோடு குடித்தனம் நடத்தலாம். எஃப்/2.8 வரை சுருக்கியும் சிறகு மடங்காமல் நிற்கிறதென்றால், நீங்கள் வாங்கிய வேகம் வானத்துக்கு உதவாது.

எஃப்/1.4 லென்ஸை மூலைகளுக்காக எஃப்/2-க்குச் சுருக்குகிறவர், முழுதாகத் திறந்த எஃப்/1.8 லென்ஸைவிடக் குறைவான ஒளியில் எடுக்கிறார் என்பதைக் கவனியுங்கள். அவருக்கு ஓர் ஆறுதல் உண்டு. எல்லா வேகமான வைட் லென்ஸுக்கும் முழுத் திறப்பில் மூலை இருளும். இரண்டு ஸ்டாப் இருள்வது சாதாரணம். சுருக்கினால் அந்த இருட்டு குறையும். மென்பொருளில் சரிசெய்யலாமே என்பீர்கள். சரிசெய்யலாம்தான், ஆனால் இரண்டு ஸ்டாப் ஏற்றினால் அந்த மூலையை மட்டும் நான்கு மடங்கு ஐஎஸ்ஓவில் எடுத்ததற்குச் சமம். பால்வீதியின் வெளிறிய ஓரங்கள் அங்கேதான் இரைச்சலில் (படத்தில் பொரிப்பொரியாகத் தெரியும் மாசில்) கரைந்துபோகும்.

அடுத்து குவிய நீளம், அதாவது லென்ஸின் பெயரில் வரும் 20 மி.மீ., 24 மி.மீ. என்ற அளவு. 20-ஆ 24-ஆ என்பது, எந்த நிறுவனம் என்பதைவிடப் பெரிய முடிவு. 20 மி.மீ. லென்ஸ் மூலைவிட்டத்தில் 94 டிகிரியை அள்ளும், 24 மி.மீ. 84 டிகிரியை. வானத்தை அதிகம் அள்ளும் 20-தான் இரவுக்கு நல்லது என்று உடனே தோன்றும். ஆனால் நட்சத்திர ஒளியைச் சேகரிப்பது எஃப் எண் மட்டுமல்ல. ஒளி நுழையும் துளையின் உண்மையான விட்டமும் முக்கியம். 24-ஐ 1.4-ஆல் வகுத்தால் 17 மி.மீ. துளை. 20 எஃப்/1.4-க்கு 14 மி.மீ., 20 எஃப்/1.8-க்கு 11 மி.மீ. பால்வீதியின் பரவலான ஒளிர்வுக்கு எஃப் எண்ணே கணக்கு. தனித்தனி நட்சத்திரங்கள் எவ்வளவு பிரகாசமாக விழும் என்பதற்கு இந்த விட்டம்தான் கணக்கு. 24 எஃப்/1.4-ல் எடுத்த வானத்தில் மங்கலான நட்சத்திரங்கள் கூடுதலாகத் தெரிவது இதனால்தான்.

எவ்வளவு நேரம் ஷட்டரைத் திறந்து வைக்கலாம் என்பதற்கு ‘500 விதி’ என்று ஒன்று புழக்கத்தில் இருக்கிறது: 500-ஐக் குவிய நீளத்தால் வகுக்க வேண்டும். 24 மி.மீ.க்கு 21 வினாடி, 20 மி.மீ.க்கு 25 வினாடி. ஃபிலிம் காலத்துத் தாராளம் இது. வானம் வினாடிக்கு 15 ஆர்க்செகண்ட் (ஓர் ஆர்க்செகண்ட் என்பது ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு) சுழல்கிறது. 24 மி.மீ. லென்ஸில் 21 வினாடி திறந்தால், உங்கள் 24 மெகாபிக்சல் சென்சாரில் வான நடுக்கோட்டருகே உள்ள ஒரு நட்சத்திரம் ஆறு பிக்சல் நீளக் கோடாக இழுபட்டிருக்கும். நான் பாதி நேரத்துக்கு மேல் போகமாட்டேன். நேரத்தைப் பாதியாக்கினால் ஒளியும் பாதியாகும். அப்போதுதான் வேகமான லென்ஸின் அருமை தெரியும்.

அரங்குக்குள் கணக்கு மாறுகிறது. அங்கே இடைஞ்சல், ஓரத்தில் நிற்கும் மனிதர்களின் முகம். நேர்கோடுகளை நேராகவே காட்டும் எந்த வைட் லென்ஸும் ஓரத்தில் உள்ள உருவங்களை வெளிப்பக்கமாக இழுக்கும். கிடைமட்ட ஓரத்தில் 24 மி.மீ. ஒரு தலையைச் சுமார் 25 சதவீதம் நீட்டுகிறது, 20 மி.மீ. 34 சதவீதம். இது கண்ணாடியின் குறை இல்லை, வடிவக்கணிதம். எந்த நிறுவனத்தாலும் தவிர்க்க முடியாது. குழுவாக நிற்கும் நடிகர்களை 20-ல் எடுத்துக் கொடுத்தால், ஓரத்தில் நின்றவர் உங்களை மன்னிக்கமாட்டார். இரண்டு வேலைக்கும் ஒரே லென்ஸ் என்ற உங்கள் நிபந்தனையால், 20 மி.மீ. லென்ஸ்கள் இரண்டும் இங்கேயே பின்னுக்குப் போய்விடுகின்றன.

மீதி இரண்டு 24 மி.மீ. லென்ஸ்கள். 2018-ல் வந்த சோனி ஜி மாஸ்டர் 445 கிராம், 67 மி.மீ. ஃபில்டர். 2022-ல் வந்த சிக்மா சுமார் 520 கிராம், 72 மி.மீ. ஃபில்டர். எடையில் பெரிய வித்தியாசமில்லை. மூலை நட்சத்திரங்களை முழுத் திறப்பில் அடக்கி வைப்பதில் சோனி முன்னே நிற்கிறது என்பது என் மதிப்பீடு, அதை எஃப்/1.4-லேயே வைத்து எடுக்கத் துணியலாம். சிக்மாவை எஃப்/2 பக்கம் தள்ள மனம் சொல்லும். அரங்கில் இன்னும் இரண்டு விஷயங்கள் சோனியின் பக்கம் சாய்கின்றன. சோனி தன் கேமராக்களில் பிற நிறுவன லென்ஸ்களுக்குத் தொடர் படப்பிடிப்பை வினாடிக்கு 15 படங்களோடு நிறுத்தி வைத்திருக்கிறது. வீடியோவில் ஃபோகஸ் மாறும்போது சட்டகம் விரிந்து சுருங்குவதைச் சரிக்கட்டும் வசதியும் சோனியின் சொந்த லென்ஸ்களுக்குத்தான். உங்கள் கேமரா 10 படங்களோடு நிற்கும் மாதிரி என்றால் முதல் விஷயத்தை மறந்துவிடலாம்.

சிக்மாவைக் குறைத்துச் சொல்லவில்லை. உண்மையில் இரவில் குளிரில் நின்று எடுப்பவரின் அவஸ்தையை அதிகம் யோசித்தவர்கள் அவர்கள்தான். 20, 24 இரண்டிலும் ஃபோகஸ் வளையத்தைப் பூட்டும் பொத்தான் வைத்திருக்கிறார்கள். இருட்டில் கை பட்டு ஃபோகஸ் நழுவி, ஒரு மணி நேரப் படங்கள் வீணாவது எவ்வளவு சகஜம் என்று வானத்தை எடுப்பவர்களுக்குத் தெரியும். பனி படியாமலிருக்கச் சுற்றும் வெப்பப்பட்டை வழுக்கி விழாதபடி முன்விளிம்பையும் வடிவமைத்திருக்கிறார்கள். சோனி இதையெல்லாம் பார்த்துக் காப்பியடித்தால் எனக்கு மகிழ்ச்சியே.

ஆக, அரங்கும் வானமும் சரிபாதி என்றால் சோனி 24 எஃப்/1.4 ஜி மாஸ்டர். விலை எட்டவில்லை என்றால் சிக்மா 24, தப்பான தேர்வாகிவிடாது. அரங்கு வேலை பேருக்குத்தான், மனசெல்லாம் வானம் என்றால் பதில் மாறும்: 82 மி.மீ. ஃபில்டரும் 630 கிராம் எடையும் கொண்ட சிக்மா 20 எஃப்/1.4. மங்கலான நட்சத்திரங்கள் சில குறைந்தாலும், அதே எஃப்/1.4-ல் வானத்தை அதிகம் அள்ளும். மலையேறிப் போய் எடுப்பவராக இருந்தால் 373 கிராம் சோனி 20 எஃப்/1.8-ஐ யோசியுங்கள். ஒரே காட்சியை நான்கு முறை எடுத்து மென்பொருளில் அடுக்கினால் இரைச்சல் பாதியாகும். இழந்த முக்கால் ஸ்டாப்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல் திரும்பக் கிடைத்துவிடும்.

செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று 2015-ல் வந்த பழைய சிக்மா 20 எஃப்/1.4-ஐ எடுத்துவிடாதீர்கள். அது டிஎஸ்எல்ஆர் (உள்ளே பிரதிபலிக்கும் ஆடி உள்ள) கேமராக்களுக்காகச் செய்தது, எடை 950 கிராம், முன்கண்ணாடி பிதுங்கியிருப்பதால் சாதாரண ஃபில்டர் திருக முடியாது. கேனான் டிஎஸ்எல்ஆர்களின் இஎஃப் மவுண்ட்டில் (லென்ஸ் பொருத்தும் அமைப்பில்) லென்ஸ் பொருந்தும் விளிம்புக்கும் சென்சாருக்கும் இடையே 44 மி.மீ. தூரம், உங்கள் சோனியின் இ-மவுண்ட்டில் 18. கண்ணாடியைச் சென்சாருக்கு அருகே கொண்டுவர முடிந்ததால்தான் புதிய வைட் லென்ஸ்கள் இப்படி இளைத்திருக்கின்றன.

எதை வாங்கினாலும் பெட்டியைத் திறந்த முதல் வாரத்திலேயே சோதியுங்கள். வேகமான வைட் லென்ஸ்களில் ஒரே மாதிரியின் இரண்டு பிரதிகளுக்கு இடையே உள்ள வித்தியாசம், சில சமயம் இரண்டு நிறுவனங்களுக்கு இடையே உள்ளதைவிடப் பெரிது. உள்ளே ஒரு கண்ணாடி மயிரிழை சாய்ந்திருந்தாலும் எஃப்/1.4 அதைக் காட்டிக்கொடுக்கும். சுவரைப் படமெடுத்துச் சோதிப்பது வேண்டாம். கேமரா சற்றுச் சாய்ந்திருந்தாலே முடிவு தப்பாகும். கேமராவை முக்காலியில் வைத்து, வெகுதூரத்திலுள்ள ஒரே விளக்கை நடுவில் வைத்து, திரையில் பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்யுங்கள். பிறகு ஃபோகஸைத் தொடாமல் கேமராவை மட்டும் திருப்பி, அதே விளக்கை நான்கு மூலைகளிலும் வைத்து எஃப்/1.4, 2, 2.8 மூன்றிலும் எடுங்கள். நான்கு மூலையிலும் ஒரே அளவு சிதறல் என்றால் அது அந்த மாதிரியின் இயல்பு, மாற்றிக் கேட்டுப் பயனில்லை. ஒரு மூலை மட்டும் மற்ற மூன்றிலிருந்து விலகி நின்றால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் அந்தப் பிரதியை மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள்.