பழைய ஆர்எக்ஸ் 100-இன் முன் ஃபோர்க்: எதை முதலில் வாங்குவது?

கேள்வி: என்னிடம் 1995-ஆம் ஆண்டு யமஹா ஆர்எக்ஸ் 100 உள்ளது. முன் பிரேக்கைப் பிடித்தால் முன்பக்கம் ஒரேயடியாக அமுங்குகிறது; வேகத்தடையில் இறங்கும்போது ‘டக்’ என்று ஒலி கேட்கிறது. ஒரு மெக்கானிக் முழு ஃபோர்க் செட்டையும் (முன் சக்கரத்தைத் தாங்கி அதிர்வை உள்வாங்கும் இரு கால்கள்) மாற்றச் சொல்கிறார். மற்றொருவர் கெட்டியான ஆயில் ஊற்றி, ஸ்பிரிங்கின் மேல் வாஷர் வைத்தால் போதும் என்கிறார். இணையக் கடையில் கடினமான ஸ்பிரிங் ஜோடியும் கிடைக்கிறது. இரண்டு மாதங்களுக்கு முன்புதான் ஆயில் சீல் (ஃபோர்க் ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) மாற்றினேன். பதினைந்தே நாளில் இடப்பக்கம் மீண்டும் கசிந்தது. பழைய வண்டிக்கு உத்தரவாதம் கிடையாது என்று கடைக்காரர் கைவிரித்துவிட்டார். நான் எதை வாங்குவது? அவர் மீது புகார் செய்ய இயலுமா?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: இப்போதைக்கு ஸ்பிரிங்கும் வேண்டாம், முழு செட்டும் வேண்டாம். உங்கள் வண்டியின் ஃபோர்க்கில் வெளியிலிருந்து திருகிச் சரிசெய்யும் அமைப்பு எதுவும் கிடையாது. ஆயிலின் கெட்டித்தன்மை, அதன் மட்டம், ஸ்பிரிங்கின் முன்னழுத்தம் (சுமை ஏறும் முன்பே அது அமுக்கப்பட்டிருக்கும் அளவு) ஆகிய மூன்றைத்தான் நாம் முதன்மையாக மாற்ற முடியும். தேய்ந்த ஃபோர்க்கில் இவற்றை மாற்றுவது வீண் செலவு என்பதால், அதை முதலில் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

‘டக்’ ஒலிக்கு ஃபோர்க்தான் காரணம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்பக்கத்தை ஒருவர் அமுக்கிப் பிடிக்க, முன் சக்கரம் தரையை விட்டு எழும்பியதும் இரு ஃபோர்க் கால்களின் அடிப்பகுதியைப் பற்றி முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஹேண்டிலின் கழுத்துப் பகுதியில் ஆட்டம் தெரிந்தால் கோன் செட் (ஹேண்டில் திரும்ப உதவும் கழுத்து பேரிங்) தளர்ந்திருக்கிறது. ஹேண்டிலை மெல்லத் திருப்புகையில் நேராக வந்ததும் ஒரு குழியில் விழுந்தது போல நின்றால் அது தேய்ந்தேவிட்டது. அப்படியிருக்க ஃபோர்க்கில் எவ்வளவு செலவு செய்தாலும் அந்த ஒலி போகாது.

அடுத்தது கசிவு. ஃபோர்க் குழாயின் மேல் படிந்த எண்ணெயையும் தூசியையும் துடைத்துவிட்டு, சீல் உராயும் பகுதியில் கட்டை விரல் நகத்தை மேலிருந்து கீழாக மெல்ல இழுத்துப் பாருங்கள். நகம் எங்காவது தட்டினால், குரோம் பூச்சு துருப்பிடித்துக் குழி விழுந்திருக்கிறது என்று பொருள். ஊசி முனையளவு குழியின் விளிம்புகூடப் புதிய சீலின் உதட்டைச் சில நாட்களில் அறுத்துவிடும். பதினைந்து நாளில் கசிந்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். குழி இல்லையென்றால், தூசி உறையை மேலே தள்ளிவிட்டு, பழைய ஃபிலிம் நெகட்டிவ் துண்டு ஒன்றைச் சீலுக்கும் குழாய்க்கும் இடையே நுழைத்துச் சுற்றி எடுங்கள். உள்ளே சிக்கிய மண் துகள் வெளியே வந்து, சில வேளைகளில் கசிவும் நின்றுவிடும். செலவே இல்லாத இந்த முயற்சியைச் செய்யாமல் அடுத்த சீலை வாங்காதீர்கள். குழி இருந்தால், வளையாத குழாயாக இருக்கும் பட்சத்தில், ஹார்ட் குரோம் பூசி அரைத்துத் தரும் பட்டறையில் கொடுக்கலாம், அல்லது குழாயை மட்டும் மாற்றலாம். வளைந்த குழாயை நிமிர்த்திப் போட ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஒரேயடியாக அமுங்குவதற்கு ஆயிலைப் பார்க்க வேண்டும். பல ஆண்டுகளாக மாற்றாத ஃபோர்க்கைத் திறந்தால், வெள்ளி நிறத் துகள் மினுங்கும் சாம்பல் நிறச் சேறுதான் கொட்டும். அந்தச் சேற்றைக் கொண்டு எந்த ஃபோர்க்கும் வேலை செய்யாது. கெட்டியான ஆயில் என்ற யோசனையில் பாதி உண்மை இருக்கிறது. இத்தகைய பழைய அமைப்பில் ஆயில் சிறு துளைகளின் வழியே பாய்வதால்தான் தடை உண்டாகிறது; ஃபோர்க் எவ்வளவு விரைவாக அமுங்குகிறதோ அதைவிடப் பல மடங்கு வேகமாக அந்தத் தடை ஏறுகிறது. ஆகவே மிகவும் கெட்டியான ஆயில் ஊற்றினால் பிரேக் பிடிக்கும்போது நன்றாகத் தோன்றும். கூர்மையான பள்ளத்தில் அடி நேராக மணிக்கட்டில் இறங்கும். கையேட்டில் சொன்ன ஆயிலையே முதலில் ஊற்றி, போதாதென்று தோன்றினால் ஒரு படி மட்டும் கூட்டுங்கள். இன்ஜின் ஆயில் டப்பாவிலுள்ள 20டபிள்யூ-40 என்ற எண்ணும் ஃபோர்க் ஆயிலின் எண்ணும் ஒரே அளவுகோலில் அமைந்தவை அல்ல. ஃபோர்க் ஆயிலிலேயே நிறுவனத்துக்கு நிறுவனம் 10டபிள்யூ என்பது வேறுபடும் என்பதால், 40 டிகிரி செல்சியஸில் எத்தனை சென்டிஸ்டோக்ஸ் (கெட்டித்தன்மையின் அலகு) என்ற விவரத்தை ஒப்பிட்டு வாங்குவதே சரி.

உள்ளே பழைய ஆயில் கொஞ்சம் தங்கிவிடுவதால், அளந்து ஊற்றுவதோடு மட்டத்தையும் சரிபார்க்க வேண்டும். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ஃபோர்க்கை முழுவதும் அமுக்கிய நிலையில், குழாயின் மேல் விளிம்பிலிருந்து ஆயில் வரையுள்ள தூரத்தை ஸ்கேலால் அளந்து இரு பக்கமும் ஒன்றாக வையுங்கள். ஆயிலுக்கு மேலுள்ள காற்றும் ஒரு ஸ்பிரிங் போலவே இயங்குகிறது; சில மில்லிமீட்டர் மட்டம் கூட்டினாலே அமுங்கும் பயணத்தின் கடைசிப் பகுதி கடினமாகும். மூடியைக் கழற்றும்போது அது ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் தெறித்து எழக்கூடும் என்பதால், முன்பக்கத்தின் எடை ஃபோர்க்கின் மேல் இல்லாதவாறு வண்டியைத் தாங்கி நிறுத்திய பின்பே கை வைக்க வேண்டும்.

வாஷரும் குழாய்த் துண்டும் வைத்தால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்பது பரவலான தவறான எண்ணம். வண்டி நிற்கும் உயரம்தான் கூடும். அளவு மீறினால் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்க இடமின்றிப் போகும், ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டவும் கூடும். சக்கரம் தூக்கியிருக்கும்போது வெளியே தெரியும் குழாயின் நீளத்தையும், நீங்கள் ஏறி அமர்ந்த பிறகு தெரியும் நீளத்தையும் அளந்து கழியுங்கள். அந்த வேறுபாடு மொத்தப் பயணத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இருந்தால், எதையும் வைக்கத் தேவையில்லை. புதிய ஆயிலுக்குப் பிறகும் அதைவிட அதிகமாக இறங்கி, ஸ்பிரிங்கின் நீளமும் கையேட்டின் எல்லைக்குக் கீழே இருந்தால் அப்போது ஸ்பிரிங் வாங்குங்கள், ஜோடியாக.

சீல் வாங்கும்போது தயாரிப்பாளரின் முகவரி, மாதம், ஆண்டு, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை அச்சிட்ட உறையுடன் கேளுங்கள்; உறையில்லாத சீலை விலை குறைவு என்று எடுக்க வேண்டாம்.

புகாரைப் பொறுத்தவரை, பணம் பெற்றுச் செய்த பழுதுபார்ப்பும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சேவையே. வண்டி பழையது என்பதால் அந்தப் பொறுப்பு நீங்கிவிடாது. பில் தர மறுப்பதும் அச்சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. ஆனால் குழாயில் குழி இருப்பதைக் காட்டி அவர் முன்கூட்டியே எச்சரித்திருந்தால், உங்கள் தரப்பு வலுவிழக்கும். சொல்லாமல் சீலை மட்டும் மாற்றியிருந்தால் கேள்வி கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. முதலில் கசிவின் படத்துடன், கட்டணமின்றி மீண்டும் செய்து தருமாறு எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதற்கும் பலன் இல்லையெனில் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் புகார் தாக்கல் செய்யலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. இம்முறை வேலைக்குக் கொடுக்கும்போது, எந்தச் சீல், எந்த ஆயில், குழாயின் நிலை என்ன என்ற மூன்றையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.