குட்டி காம்பைப் பிடிக்க மாட்டேங்குதா?

கேள்வி: போன தடவை எங்க ஆடு போட்ட ரெண்டு குட்டில ஒண்ணு காம்பை விட்டுட்டு முன்னங்கால் சந்துலயே முட்டிக்கிட்டு நின்னுச்சு, தலையைப் பிடிச்சு மடிகிட்ட தள்ளினா அது பின்னாடி தள்ளுது. இப்ப இன்னொரு ஆடு ஈனப் போகுது, தலையீத்து வேற. எப்படி ஊட்ட வைக்கிறது?

பதில்: முதல்ல அந்தத் தலையைத் தள்றதை விட்டுடுங்க. பின்னந்தலையில அழுத்தினா எந்தக் குட்டியும் எதிர்த்துத்தான் தள்ளும். அது தேடுறது இருட்டா வெதுவெதுன்னு முடி இல்லாத ஒரு இடத்தை, முன்னங்கால் சந்தும் அப்படித்தானே இருக்கு, அதான் அங்க போய் முட்டுது, குட்டி மேல தப்பு இல்ல.

குட்டி போட்டதும் ரெண்டு காம்பையும் ரெண்டு மூணு தடவை பீச்சிப் பாத்துடுங்க, நுனியில மெழுகு மாதிரி ஒரு அடைப்பு இருக்கும், அது போகலன்னா பிஞ்சுக் குட்டி எவ்வளவு சப்பினாலும் ஒண்ணும் வராது. காம்பு ரொம்ப விம்மி இருந்தா வாய்க்குள்ள போகாது, கொஞ்சம் கறந்து எடுத்து வைங்க, அந்தச் சீம்பாலைக் கொட்டிடாதீங்க.

அப்புறம் ஆட்டைச் சுவரோரமா கட்டிட்டு பக்கத்துல உக்காந்து, குட்டி நாலு காலும் தரையில இருக்கிற மாதிரி நிறுத்தி, பின்பக்கத்தை உங்க முழங்காலுக்கு அண்டக் குடுங்க. ஒரு கை தாடைக்குக் கீழ, உதட்டுல ரெண்டு சொட்டு பீச்சி விட்டு, வாயோரத்துல விரலை விட்டுத் திறந்து காம்பை வைங்க. இன்னொரு கையால வாலடியில லேசா சொறிஞ்சு விடுங்க, தாய் ஊட்டும்போது அங்கதான் மோந்து நக்கும், அதனால குட்டிக்குச் சப்பணும்னு தோணும். கண்ணை உள்ளங்கையால மறைச்சாலும் சில குட்டி டக்குனு பிடிச்சுக்கும். வால் படபடன்னு ஆடி, தொண்டையில விழுங்குறது தெரிஞ்சா மெதுவா கையை எடுத்துடுங்க.

தலையீத்து ஆடு உதைக்கிறது பெரும்பாலும் பழக்கம் இல்லாததால. ஆனா மடி சூடா, கல்லு மாதிரி இருந்தாலோ பால்ல கட்டி, ரத்தம் வந்தாலோ அது வலியில உதைக்குது, டாக்டரைக் கூப்பிடுங்க.

கேள்வி: சீம்பால் எவ்வளவு நேரத்துக்குள்ள குடிக்கணும்? குடிச்சது போதுமான்னு எப்படித் தெரியும்?

பதில்: ஒரு மணி நேரத்துக்குள்ள முதல் வாய் போயிடணும், ஆறு மணி நேரம் தாண்ட விடாதீங்க. ஆட்டுக்குட்டிக்கு வயித்துக்குள்ள இருக்கும்போது தாய்கிட்ட இருந்து நோய் எதிர்ப்பு வர்றதில்ல, எல்லாம் இந்தப் பால்லதான், அதையும் குடல் முதல் 24 மணி நேரம்தான் உள்ள இழுக்கும், நேரம் போகப் போகக் குறைஞ்சுக்கிட்டே வரும். உடம்பு எடையில பத்துல ஒரு பங்காவது முதல் நாள்ல போகணும், 2 கிலோ குட்டின்னா 200 மில்லி, நாலஞ்சு தடவையா பிரிச்சு.

மடிகிட்ட நிக்கிறதைப் பாத்து குடிக்குதுன்னு நம்பிடாதீங்க. வயித்தைத் தடவிப் பாருங்க, நிறைஞ்சிருக்கணும். விலாப்பக்கம் குழி விழுந்து, முதுகைக் கூனிக்கிட்டு, விடாம கத்துனா பசிதான். மூணு குட்டி போட்டா சின்னதுதான் பெரும்பாலும் ஒதுக்கப்படும், அதை முதல்ல மடியில ஊட்ட விடுங்க.

கேள்வி: சோர்ந்து போன குட்டிக்கு உடனே புட்டிப்பால் குடுக்கலாமா?

பதில்: வாய்க்குள்ள விரலை வைங்க. சில்லுன்னு இருந்து சப்பவும் இல்லன்னா பால் குடுக்காதீங்க, விழுங்கத் தெம்பு இருக்காது, நுரையீரலுக்குள்ள போயிடும். தொடைச்சு, துணியில சுத்தி, முதல்ல உடம்பைச் சூடாக்குங்க, அப்புறம் பால். புட்டியில குடுக்கும்போது நிக்க வச்சே குடுங்க, மல்லாக்கப் போட்டு வேண்டாம். எடுத்து வச்ச சீம்பாலை வெந்நீர்ப் பாத்திரத்துல வச்சுத்தான் வெதுவெதுப்பாக்கணும், அடுப்புல வச்சா கட்டியாகிடும், எதிர்ப்பு சக்தியும் போயிடும்.