பருப்பு விற்ற காசில் ஒரு பங்கு

அன்புள்ள அண்ணா,

நானும் இரண்டு நண்பர்களும் கோவையில் பட்டாணிப் புரதத்தை வைத்து ஏதாவது தொழில் செய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம். கனடாவில் அரசே பணம் போட்டு, கம்பெனிகளைக் கூட்டுச் சேர்த்து, தாவரப் புரதத் தொழிலை வளர்ப்பதாகப் படித்தேன். நிஜமாகவே நடக்கிறதா, விளம்பரம்தானா? 'சுண்டல் தின்னு வளர்ந்தவனுக்கு இதெல்லாம் எதுக்குடா' என்கிறார் அப்பா.

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்,

முதலில் அப்பாவுக்கு. அவர் தின்ற சுண்டலில் இருந்த பட்டாணி நான் இருக்கிற இந்தக் கனடாவிலிருந்து கப்பலேறி வந்ததாகவே இருக்கலாம். இலங்கையில் தினமும் சோற்றுக்கு வேகிற மைசூர் பருப்பும் பெரும்பாலும் கனடாவிலிருந்தோ ஆஸ்திரேலியாவிலிருந்தோ போவதுதான். தின்னத் தெரிந்தது நமக்கு, விளைவிக்கக் கற்றுக்கொண்டது இவர்கள்.

எப்படிக் கற்றார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த கதை. 1960-களின் கடைசியில் இங்கே கோதுமை விற்காமல் மலையாகத் தேங்கிவிட்டது. கோதுமை போடாதே, நிலத்தைத் தரிசாக விடு, காசு தருகிறேன் என்று 1970-இல் அரசே சொல்கிற நிலைமை. அடுத்த வருஷம் மேற்குக் கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்துப் பல்கலைக்கழகத்தில் ஒரு பயிர் மேம்பாட்டு மையம் வந்தது, அதற்கடுத்த வருஷம் ஆல் ஸ்லிங்கார்ட் என்ற விஞ்ஞானி அங்கே வேலைக்குச் சேர்ந்தார். பருப்பென்றால் என்னவென்றே தெரியாத ஊரில் உட்கார்ந்துகொண்டு 1978-இல் 'லேர்ட்' என்று ஒரு பருப்பு ரகத்தை வெளியிட்டார். அப்புறம் 1980-களில் விவசாயிகள் தங்களுக்கென்று ஒரு வாரியம் வைத்துக்கொண்டார்கள். பருப்பு, பட்டாணி விற்கிற ஒவ்வொருவரும் வந்த காசில் ஒரு சின்னப் பங்கைக் கட்டாயமாக அதில் கட்ட வேண்டும். அது விதை ஆராய்ச்சிக்குப் போகும். பதிலுக்குப் பல வருஷம் புது ரகங்கள் ராயல்டி (உரிமைக் கட்டணம்) இல்லாமல் அவர்கள் கைக்கு வந்தன. கூட்டு முயற்சி என்றால் எனக்கு இதுதான். சூப்பர்கிளஸ்டர் என்று பெயர் வைத்து, அரசு பணம் போட்டுக் கம்பெனிகளைச் சேர்க்கிற, நீங்கள் படித்த அந்த ஏற்பாடெல்லாம் இதன் மேல் கட்டிய மாடி.

ஒருமுறை கோடையில் அந்தப் பக்கம் காரில் போனேன். பருப்புச் செடி முழங்கால் உயரம்கூட இல்லை, காய் தரையை ஒட்டித் தொங்குகிறது. அறுவடை இயந்திரம் மண்ணை உரசிக்கொண்டு போனால்தான் காய் கிடைக்கும், கல் இருந்தால் கத்தி போச்சு. அதனால் விதைத்த கையோடு பெரிய இரும்பு உருளையை வயல் முழுக்க உருட்டிக் கல்லை மண்ணுக்குள் அமுக்கிவிடுகிறார்கள். ஒரு பெரியவர் இதை விளக்கிவிட்டு, நீங்கள் பருப்பை என்ன செய்து சாப்பிடுவீர்கள் என்று என்னைக் கேட்டார். அவர் வீட்டில் சமைப்பதில்லையாம்!

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். 2017 நவம்பரில் இந்தியா பட்டாணிக்குத் திடீரென்று 50 சதவீத இறக்குமதி வரி போட்டது. மூட்டை மூட்டையாக அப்படியே விற்றுக்கொண்டிருந்தால் டெல்லியில் ஒருவர் போடும் கையெழுத்தில் பிழைப்பு ஆடும் என்பது எல்லாருக்கும் உறைத்தது. 2018-இல் ரெஜைனா நகரைத் தலைமையிடமாகக் கொண்டு 'புரோட்டீன் இண்டஸ்ட்ரீஸ் கனடா' என்ற தாவரப் புரத சூப்பர்கிளஸ்டர் வந்தது, மத்திய அரசின் பணம் சுமார் 15 கோடி கனடிய டாலர். தனி ஆளாகப் போய்க் கேட்டால் கிடைக்காது. மற்ற கம்பெனிகளைச் சேர்த்துக்கொண்டு போக வேண்டும், செலவில் ஒரு பகுதியைத்தான் தருவார்கள், மிச்சம் உங்கள் பையிலிருந்து. நல்ல ஏற்பாடுதான். ஆனாலும் அந்தப் பணம் வாங்கிய கூட்டுத் திட்டம் ஒன்றில் இருந்த 'மெரிட்' என்ற வினிபெக் நகரத்துத் தாவரப் புரதக் கம்பெனி, புத்தம் புதிய ஆலையோடு 2023 மார்ச்சில் கடன் கொடுத்தவர்கள் கைக்குப் போய்விட்டது. அரசு ஆலை கட்ட உதவலாம், அந்தப் புரதத்தில் செய்த பர்கரை வாங்க ஆளைப் பிடித்துத் தர முடியுமா?

நீங்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. பட்டாணியில் புரதம் நாலில் ஒரு பங்குக்கும் குறைவு, மாவுச்சத்து கிட்டத்தட்டப் பாதி. புரதத்தைப் பிரித்து நல்ல விலைக்கு விற்றுவிடுவீர்கள், குவிகிற மாவை என்ன செய்வீர்கள்? கணக்கு உதைப்பது பெரும்பாலும் இங்கேதான். அப்புறம் அந்தப் பச்சை வாசனை. கடலை மாவை வறுத்து நம் வீட்டில் சுலபமாகப் போக்குகிற அதே சங்கதி, பட்டாணிப் புரதத்தில் செய்த பாலிலும் பர்கரிலும் போகவில்லை என்று இங்கே ஆய்வகம் ஆய்வகமாக மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். இந்த இடத்தில் உங்கள் அம்மாவிடம் யோசனை கேட்பதில் தப்பில்லை, நிஜமாகவே சொல்கிறேன்.

இங்கே இருப்பதைப் பார்த்து அப்படியே காப்பியடிக்காதீர்கள். வேளாண் பல்கலைக்கழகம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது, அதன் பயறு ஆராய்ச்சி மையம் புதுக்கோட்டைப் பக்கம் வம்பனில், உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் தஞ்சாவூரில். பட்டாணியை இறக்குமதி செய்து தொடங்கினால் வரி மாறுகிற அன்று நீங்கள்தான் முதலில் விழுவீர்கள், உளுந்திலோ தட்டைப்பயறிலோ முடியுமா என்று பாருங்கள். முதலீடு தேடும் முன் வம்பனுக்கு ஒரு நடை போய், உங்களுக்கு வேண்டிய குணம் எந்த ரகத்தில் இருக்கிறதென்று கேளுங்கள். மிஞ்சும் மாவை வாங்க அப்பள மாஸ்டர் யாராவது சம்மதித்தால் எனக்கு எழுதுங்கள், அடுத்ததைப் பேசலாம்.

அன்புடன்.