கூர்நுனித் தூரிகையைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள்
வாசகர் கேள்வி: ஓவியம்

பாம்பன் பாலத்தை அக்ரிலிக் வண்ணத்தில் வரைகிறேன். பெரும்பாலும் 2, 4 எண் கொண்ட சின்ன, கூர்நுனி வட்டத் தூரிகைகள்தான். அளவு பிசகுவதில்லை, ஆனால் படம் கட்டட வரைபடம் போல விறைத்து நிற்கிறது. வேறு கருவிகளை எடுத்தால் கை தளருமா?
வாசகி, மண்டபம்

தளரும். நுனி கூராக இருந்தால் கண் ஆணியையும் கம்பியையும் தேடிக்கொண்டு போகும். 1914-இல் திறந்த அந்தப் பழைய பாலத்தில் அவற்றுக்கு முடிவே இல்லை. நுணுக்கம் காட்டவே முடியாத கருவியைப் பிடித்தால், பாலம் எவ்வளவு கருப்பு, கடல் எவ்வளவு வெளிச்சம் என்பதை முதலில் தீர்மானித்தே ஆக வேண்டும். உங்கள் படத்தில் விட்டுப்போனது அந்தத் தீர்மானம்தான்.

கடைக்குப் போக வேண்டாம். கடற்கரைத் தாழையின் விழுது போதும். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க முன்பு இதைத்தான் தட்டித் தூரிகையாக்கினார்கள். கட்டைவிரல் பருமனில் 25 செ.மீ. நீளத் துண்டு ஒன்றை வெட்டுங்கள். ஒரு முனையில் 4 செ.மீ. அளவுக்குத் தோலைச் சீவிவிட்டு, அந்த முனையை ஓர் இரவு தண்ணீரில் ஊற வையுங்கள். மறுநாள் கல்மேல் வைத்து, உருட்டி உருட்டி மரக்கட்டையால் தட்டுங்கள். இரும்புச் சுத்தியல் நாரை நறுக்கிவிடும். சதை கரைந்து போகும்வரை அலசி, பழைய சீப்பால் வாருங்கள். நார் தொடங்கும் இடத்தில் நைலான் நூலால் இறுகக் கட்டாவிட்டால் கைப்பிடி வரைக்கும் பிளந்துகொண்டே போகும். நிழலில் காய வையுங்கள். வெயிலில் போட்டால் நார் முறுகி ஒடியும். பச்சைப் பனைமட்டையிலும் இப்படிச் செய்யலாம், ஆனால் நார் விறைப்பாக இருக்கும்.

வண்ணம் தயிர்ப் பதத்தில் இருக்கட்டும். மோர்ப் பதம் என்றால் இந்த நாரில் நிற்காமல் சொட்டிவிடும். தாளைப் பலகையில் ஒட்டி நிமிர்த்தி வையுங்கள். நின்றுகொண்டு, குச்சியின் கடைசி நுனியைப் பிடித்து, தோளிலிருந்து கையை வீசுங்கள். மணிக்கட்டை மேசையில் ஊன்றினால் பழைய விறைப்பு திரும்பிவிடும். பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் நீண்ட மூங்கில் கழியின் நுனியில் கரித்துண்டைக் கட்டிப் பெரிய படங்களை வரைந்திருக்கிறார். கழி நீளும்போது விரல் அடங்கி உடம்பு வரையத் தொடங்குகிறது.

மூன்று வண்ணம், 20 நிமிடம், அதற்குமேல் வேண்டாம். தூண்களுக்குப் பெயின்டர்கள் வைத்திருக்கும் பட்டி பிளேடை எடுங்கள். விளிம்பில் வண்ணம் தொட்டுச் செங்குத்தாக ஒரே அழுத்து, தூண் வந்துவிடும்; படுக்கவைத்து இழுத்தால் பாலத்தின் மேல்தளம். பழைய ஏடிஎம் அட்டையை 2 செ.மீ. அகலத்துக்கு வெட்டியும் இதைச் செய்யலாம். கம்பிகளுக்குத் தென்னை ஈர்க்குச்சி.

தவறு நடப்பது இரண்டு இடங்களில். ஒன்று, ஒரே படத்தில் ஐந்தாறு கருவிகளைக் காட்டும் ஆசை. ஒவ்வொரு தடமும் ‘என்னைப் பார்’ என்று கத்தும். பாலம் காணாமல் போகும். முக்கால் படத்தை ஒரு கருவியில் முடியுங்கள். கடைசியில் சின்னத் தூரிகையால் பத்துக் கோடுகளுக்குமேல் போடாதீர்கள். மற்றொன்று, பாதி காய்ந்த அக்ரிலிக்கைத் திரும்பத் திரும்பத் தேய்ப்பது. கடற்காற்றில் மேல்தோல் சில நிமிடங்களில் இறுகிவிடும். அடி ஈரமாகவே இருக்கும். நார் பட்டால் தோல் உரிந்து ஓட்டை விழும். பிடிக்காத இடத்தைத் தொடாமல் விட்டு, முழுக்கக் காய்ந்தபின் அதன்மேல் போடுங்கள். கலவைத் தட்டில் மட்டும் அவ்வப்போது தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள்.

நீர்வண்ணத்தில் கல்லுப்பு தூவினால் பூப்பூவாக வரும் என்கிறார்கள். எனக்கு வெறும் கறைதான் வருகிறது.
வாசகர், தங்கச்சிமடம்

தூவும் நேரம் தவறுகிறது. வண்ணம் குளமாக நிற்கும்போது போட்டால் உப்பு கரைந்துவிடும். காய்ந்தபின் போட்டால் எதுவும் நடக்காது. தாளைச் சாய்த்துப் பாருங்கள். கண்ணாடிப் பளபளப்பு மங்கி, ஈர மினுக்கம் மட்டும் மிஞ்சும் கணம்தான் சரி. உள்ளங்கை அளவு இடத்துக்கு ஏழெட்டுக் கல் போதும். உப்பு தன்னைச் சுற்றியுள்ள நீரை உறிஞ்ச, வண்ணம் நகர்ந்து வெளிறிய பூ விழும். தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனத்தில் இருந்தால் நல்லது.

உங்கள் ஊரில் இன்னொரு சிக்கல் ஈரக்காற்று. மாலையில் செய்தால் உப்பு காற்றின் ஈரத்தையும் இழுத்துக் கசியும். காலை பத்து மணிக்குமேல் செய்து, நன்றாகக் காய்ந்ததும் உலர்ந்த துணியால் ஒரு பரல் விடாமல் தட்டிவிடுங்கள். தங்கிய உப்பு மழைக்காலத்தில் மறுபடி நீர்த்து, தாளைக் கெடுக்கும்.

அக்ரிலிக்கில் கடற்கரை மணலைக் கலக்கலாமா?
வாசகி, தேவிபட்டினம்

உப்புப் போகக் கழுவினால் கலக்கலாம். நல்ல தண்ணீரில் நான்கைந்து முறை அலசி, கருப்புத் துணியில் காய வையுங்கள். துணியில் வெள்ளை பூத்தால் இன்னும் அலச வேண்டும். டீ வடிகட்டியில் சலித்து, மூன்று கரண்டி அக்ரிலிக் மீடியத்துக்கு (நிறமி சேராத அக்ரிலிக் பசை) ஒரு கரண்டி மணல் சேருங்கள். மணல் கூடினால் பிடிப்பு போய் உதிரும். தாள் தாங்காது, ஒட்டுப்பலகையில் பூசுங்கள்.

கிழிந்த மீன்வலையை வைத்து அச்சு எடுக்க முடியுமா?
வாசகர், கீழக்கரை

அருமையாக வரும். வலையை இழுத்து நான்கு மூலையிலும் ஒட்டுநாடா போட்டு, கெட்டி வண்ணத்தைக் குளியல் பஞ்சால் ஒற்றுங்கள். தேய்த்தால் வண்ணம் நூலுக்கடியில் ஓடி, கண்ணிகள் கலங்கிவிடும். ஈரம் இருக்கும்போதே வலையைத் தூக்குங்கள்.

கரையில் பவளமோ, விசிறி வடிவில் வளரும் பவள இனமான கடல் விசிறியோ ஒதுங்கிக் கிடந்தால், அச்சுக்கு அழகாக இருக்கும் என்று எடுத்து வராதீர்கள். இரண்டுமே 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்படுபவை. வலைக் கண்ணியும் பன்னாடையும் அதே அளவு நல்ல தடம் தரும்.